காக்கா இல்லாத கடற்கரை

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். கடற்கரையில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிற மனுஷர். கப்பும் சாசரும் பொம்மையும் வெந்து இறங்கினால் வீடு, வீட்டை விட்டால் சூளை. இவருக்குக் கடல் எங்கிருந்து ஞாபகம் வந்தது என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

பேச மாட்டார். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் போதும், தரையைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், அப்புறம் வாசலைப் பார்த்து நடந்துவிடுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பிறந்த வீட்டில் எங்களுடையது வாய் ஓயாத வீடு. எங்களைச் சேர்த்துவைத்த ஜோசியரை நான் மனசுக்குள் திட்டாத நாள் குறைவு.

அந்த மாசி மாதம் எனக்குக் கடலைவிட முக்கியமாக ஒரு பதில் வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் ட்ரெயினிங் முடித்திருந்தேன். பெயர் பதிந்து வைத்ததையே மறந்துவிட்டிருந்த சமயத்தில், வேப்பூர் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை என்று ஆர்டர் வந்துவிட்டது. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மாசி மகம் கழிந்து வருகிற திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரும். மாமனார் காலமாகிவிட்டார். மாமியாரிடம், அத்தை, வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "அவன் சொல்லட்டும்" என்றார். இவரிடம் கேட்டேன். தரையைப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்லட்டும்" என்றார். மறுபடி அங்கே போனால் அவன், இங்கே வந்தால் அம்மா. கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்து நடந்து என் கால்தான் தேய்ந்தது. வேண்டாம் என்றாவது யாராவது சொல்லியிருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பேன். சண்டை போடக்கூட ஆள் அகப்படாத வீட்டில் என்ன செய்வது?

அதனால் கடல் என்றதும் சரி என்றேன். அத்தை இல்லாத இடம், சூளை இல்லாத இடம், மூன்று பக்கமும் மணல், ஒரு பக்கம் தண்ணீர். எந்த வாசலைப் பார்த்து எழுந்து போவார், பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த விடுதியைப் பற்றிச் சொன்னவர் கம்பெனிக்குச் சரக்கு எடுக்க வரும் வியாபாரி. கடலூருக்கு அந்தப் பக்கம், ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டித் தென்னந்தோப்பு. தோப்புக்குள் வெள்ளைக்காரன் காலத்து பங்களா. படுத்தபடியே கடலைப் பார்க்கலாம். வறுத்த மீன் தட்டில் வந்து விழும். அவர் சொன்னதைக் கேட்டால் இந்திரலோகத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

மாசி மகத்தன்று போகலாம் என்பது மட்டும் என் வீட்டுக்காரரின் சொந்த யோசனை. மகம் என்றால் எங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பழமலைநாதர் தேர், மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி, முன்னோருக்குத் திதி கொடுக்க வருகிற கூட்டம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நூலிழை இருந்தாலும் மூட்டையோடு வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். சூளையும் அப்போது அணைந்து ஆறிக்கொண்டிருக்கும், லீவு கிடைக்கும். அன்றைக்கு அவர் என்றுமில்லாத அதிசயமாக இரண்டு முழு வாக்கியம் பேசினார். "மகத்துக்கு ஒலகமே நம்ம ஊருக்கு வந்துடும். அன்னிக்கு கடக்கரையில ஒரு காக்கா இருக்காது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாசி மகம் என்றால் மணிமுத்தாறுதான். ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கிள்ளைக் கடலுக்குப் போவார் என்பது மட்டும் தெரியும். அதற்கும் இவர் வழி வைத்திருந்தார்: பெருமாள் தெற்கே போகிறார், நாம் வடக்கே போவோம்.

அத்தை தடுப்பார் என்று நினைத்தேன். அவர் கூடத்தில் விரித்திருந்த பாய்களை ஒரு கண் பார்த்தார். "போயிட்டு வாங்க, ரெண்டு பேரு படுக்க எடம் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி கலக்கப் போய்விட்டார்.

மகத்துக்கு முதல் நாள் பாசஞ்சர் ரயிலில் ஏறினோம். எதிரே வந்த ரயில்களில் கூட்டம் பிதுங்கியது, எங்கள் பெட்டி காலி. பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்தார். கரித்தூள் கண்ணில் விழ விழ நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அதுவரை நான் கடலே பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததோடு சரி. கடலூரில் இறங்கி, பஸ் பிடித்து, மிச்ச தூரத்துக்கு ஒரு குதிரை வண்டி. வண்டிக்காரர் எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டு, திருவிழாவுக்கா என்று விசாரித்தார். திருவிழாவுக்குப் பயந்துதான் ஓடி வருகிறோம் என்று சொன்னேன். அவர் எதற்கோ சிரித்தார். கிராக்கி சந்தோஷமாக இருக்கட்டும் என்று சிரிக்கிறார் போல என்று நானும் சிரித்தேன்.

பங்களா இருந்தது. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்தால் ரோடும் ஒரு கருவாட்டுக் களமும் தெரியும். கடல் தெரிய வேண்டுமென்றால் குளியலறைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்று, சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். அப்படித்தான் நான் முதன்முதலில் சமுத்திரத்தைப் பார்த்தேன், ஒரு கையில் வாளியைப் பிடித்துக்கொண்டு. கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் போட்ட டீயும் உப்பு. குளியலறை மூலையில் ஒரு நண்டு குடியிருந்தது; நாங்கள்தான் அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்கிற மாதிரி எங்களை முறைத்தது. வறுத்த மீன் எங்கே என்று கேட்டால், அன்று யாரும் வலை போடவில்லை என்று பதில்.

விடுதியைப் பார்த்துக்கொண்டவர் வழுக்கைத் தலையும் சிரித்த முகமுமாக ஒருவர். எந்தக் குறை சொன்னாலும் அவரிடம் ஒரே மறுமொழிதான், காத்து வருது பாருங்க. ஓடு உடைந்திருக்கிறதே என்றேன், அதில்தான் காற்று வருகிறது என்றார். கதவு சாத்தவில்லையே என்றேன், அதற்கும் அதே காற்று. அந்த மனுஷர் காற்றுக்கே வாடகை வாங்கினார்.

என் வயிற்றெரிச்சல் போதாதென்று இவர் டீ குடித்த கப்பைக் கவிழ்த்து, அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் செய்கிற வேலை இது. பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். அவர் சூளையிலேயே வெந்து, கோணிப்போய், கழிவென்று தள்ளிய கப்பாம். சாசரில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்ததுபோல் அதைத் திருப்பித் திருப்பித் தடவிக் கொடுத்தார். இத்தனை தூரம் வந்து, கடலைப் பார்க்காமல் கப்பைக் கொஞ்சுகிற ஆளை என்ன செய்ய? எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இருந்தாலும் அடக்கிக்கொண்டு, சாயங்காலம் நல்லபடியாகப் பேச்சை எடுத்தேன். திங்கட்கிழமை வருகிறதே, என்ன முடிவு என்று கேட்டேன். அவர் கப்பைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார்.

"நாளைக்குப் பேசலாம். கடக்கரையில, ஆளு இல்லாத எடமா பார்த்து, நிதானமா."

சரி, வாயைத் திறந்தாரே, அதுவே பெரிய விஷயம் என்று விட்டேன். கொசு மட்டும்தான் அன்று எங்களோடு தாராளமாகப் பழகியது.

விடிந்தபோது நாதஸ்வரம் கேட்டது. அப்புறம் தவில். அப்புறம் இன்னொரு நாதஸ்வரம், வேறு ராகத்தில். அப்புறம் பம்பை, உடுக்கை, வெடி. கதவைத் திறந்தேன். அது சாத்தாத கதவு, தள்ளினேன் என்று சொல்வதுதான் சரி. தோப்பு முழுக்க மாட்டு வண்டி, ட்ராக்டர். வண்டிக்கு வண்டி ஒரு சாமி. அம்மன், பெருமாள், முருகன், பிள்ளையார், பெயர் தெரியாத காவல் தெய்வங்கள், அத்தனை பேரும் மாலையும் பட்டுமாகப் பல்லக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். காக்கா மட்டும்தான் இல்லை. வெடிச் சத்தத்துக்குப் பறந்துவிட்டது.

வழுக்கைத் தலைக்காரர் வெற்றுடம்பில் சந்தனத்தோடு ஓடி வந்தார். மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் இந்தக் கடலுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருமாம். நாலைந்து ஊர் சாமி வருஷா வருஷம் இந்த வராந்தாவில்தான் இறங்குமாம். நாங்களும் அதற்காகத்தான் முதல் நாளே வந்து இடம் பிடித்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அழுவதா சிரிப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அறைக்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டெல்லாம் வரவில்லை. குழந்தைகளைத் தொய்ந்த கட்டிலில் போட்டார்கள். தொட்டில் மாதிரி இருக்கிறது என்று அந்தக் கட்டிலைப் புகழ்ந்த ஒரே ஜனம் அவர்கள்தான். ஒருத்தி என் கையில் அரிவாள்மனையைக் கொடுத்து, பூசணிக்காயை அரியச் சொன்னாள். யாரோ என் தலையில் கனகாம்பரம் வைத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று பொருமிக்கொண்டேதான் அரிய ஆரம்பித்தேன். ஆனால் பக்கத்தில் இருந்தவள் நண்டைப் பார்த்து அலறி, இன்னொருத்தி அதை முறத்தில் ஏந்திக் கொண்டுபோய் விட்டு வந்த கூத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஒரு தடவை சிரித்தால் எனக்கு நிற்காது.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல். "அடியே, நீ எங்கடி இங்க?" அத்தையின் தங்கை, எங்கள் சின்னம்மா. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். எல்லாப் பண்டிகைக்கும் அக்கா வீட்டுக்கு வருவார், மாசி மகத்துக்கு மட்டும் வர மாட்டார். ஊரில் சாமி வேலை இருக்கிறது என்பார். என்ன வேலை என்று நாங்கள் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. தங்கள் ஊர் முருகனைப் பார்க்கத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கிவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது என்று சொல்லி, இவரைச் சட்டையைக் கழற்றவைத்துத் தோளுக்குத் துண்டைக் கொடுத்து இழுத்துப் போய்விட்டார். சின்னம்மாவிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

கடற்கரையில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. ஒவ்வொரு ஊர் மேளமும் அடுத்த ஊர் மேளத்தை அமுக்கப் பார்த்தது. முருகனைத் தூக்கிக்கொண்டு இவர்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். சூளைச் சூட்டில் கறுத்த இவர் தோளில் பல்லக்குத் தண்டு அழுந்தியிருந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. இதோ பகல் ஆகிவிடும், சாப்பாடு, கூட்டம், ரயில், அத்தை வீடு, திங்கட்கிழமை. இனி நிதானமான இடம் எங்கே? ஆளில்லாத இடம் எங்கே? அந்த வேலை என் கையை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதை நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. உடனே கோபம் வந்தது, நல்லவேளையாக.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். ஒரு அலை முழங்காலைத் தட்டியது, அடுத்தது இடுப்பை. பல்லக்குக்குப் பக்கத்தில் போய் நின்று, ஏங்க, நான் திங்கட்கிழமை சேரட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று தலையை ஆட்டினார். தொண்டை கிழியக் கத்தினேன். இப்போது கேட்டது. கேட்டதும் வழக்கம்போல் தரையைப் பார்க்கக் குனியப் போனார். குனிய முடியவில்லை, கழுத்தருகே தண்டு. திரும்பிப் போகவும் முடியாது, தோளில் சாமி. அவர் முகத்தை அவ்வளவு நேரம் நேருக்கு நேர் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அலை வந்து எல்லோரையும் ஒரு தூக்குத் தூக்கி இறக்கியது. வாயில் புகுந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அந்த மனுஷர் கத்தினார்.

"சேரு! போயி சேரு! அம்மாகிட்ட நான் சொல்றேன்!"

முன்னால் தூக்கியிருந்த பெரியவர் திரும்பி, யார் எங்கே சேர வேண்டும் என்று விசாரித்தார். இவர் அவருக்கும் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. டீச்சர் வேலையா, கவர்மெண்டா, அப்புறம் என்ன யோசனை என்றார் பெரியவர். தண்டு பிடித்த அத்தனை பேரும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். பஸ் வசதி உண்டா என்று ஒருவர் கேட்டார். முருகன் மேலே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அடுத்த அலையில் நான் கால் தடுக்கித் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். கடல் என்றால் இதுதானா, இவ்வளவு நல்லதா என்று இருந்தது. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டது சின்னம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மத்தியானம் மணலில் வரிசையாக இலை போட்டார்கள். சோற்றில் மணல் கலந்திருந்தது, நான் அரிந்த பூசணிக்காய் குழைந்திருந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. இவர் தோள் சிவந்து, மார்பில் விபூதி கரைந்து, எதிர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சாம்பார் வாங்கினார். இன்னொரு நாள் தங்கலாமா என்று வழுக்கைத் தலைக்காரர் கேட்டார். அறையில் நாற்பது பேர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். காற்று வருகிறது, துணி சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார். அன்றே கிளம்பிவிட்டோம். அக்காவைப் பார்க்க வேண்டும் என்று சின்னம்மாவும் கூடவே கிளம்பினார். அவருக்கு வயிற்றில் எதுவும் தங்காது; இந்தச் சேதியோடு அவர் வேறு எங்கே போவார்?

ரயிலில் ஏறியதும் இவர் பழையபடி ஆகிவிட்டார். நெய்வேலி தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. கடலில் சொன்னது கடலோடு போயிற்றா? மேளச் சத்தத்தில் கத்துவது ஒன்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு.

வீட்டில் தீர்த்தவாரி முடித்து வந்த சொந்தம் கூடம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் கால் கழுவிவிட்டு உள்ளே நுழைவதற்குள் சின்னம்மா முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தார், முருகன் உட்பட. அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"கடல்ல நின்னுகிட்டு என்னமோ கத்துனியாமே. என்னா அது? எங்கிட்ட சொல்லு."

கூடமே இவரைத் திரும்பிப் பார்த்தது. இவர் தரையைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. நானே சொல்லிவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். சின்னம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் வாசலைப் பார்த்தார். போகப் போகிறார், போயிற்று வேலை என்று நினைத்தேன். போகவில்லை. அம்மாவைப் பார்த்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவ வேலைக்குப் போவட்டும்மா. அவ டீச்சரா இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்குது."

சேரு என்று மட்டும்தான் கடலில் சொன்னார். ஆசை இருக்கிறது என்று அங்கேயும் சொல்லவில்லை, இரண்டு வருஷத்தில் என்னிடமும் சொன்னதில்லை. எனக்கு நின்ற இடத்திலேயே கண்ணீர் வந்துவிட்டது.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "இத சொல்றதுக்கு சமுத்திரம் வரைக்கும் போவணுமாடா? உங்கப்பா இருந்த வரைக்கும் இந்த வூட்ல எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொன்னேன். கடைசி வரைக்கும் அவருக்கு என்னா புடிக்கும், என்னா புடிக்காதுன்னு எனக்குத் தெரியாமலே போச்சு. இவளுக்கும் அப்படி ஆவக் கூடாதுன்னுதான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

சின்னம்மா மூக்கைச் சிந்தினார்.

திங்கட்கிழமை காலையில் அத்தையே டிபன் கட்டி எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வேப்பூர் பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அத்தை என்னை முன்னால் தள்ளிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எங்க வூட்டு டீச்சரு ஏறுறாங்க, கொஞ்சம் எடம் வுடுங்க."